கச்சானில் ஒரு பாதி, வாடையில் மறுபாதி

ஒவ்வொரு சோலார் பெனலின் முதுகிலும் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் 400 வாட் என்றோ 550 வாட் என்றோ பெரிதாக எழுதியிருப்பதைத்தான் வாங்குபவர்கள் பார்க்கிறார்கள். அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள மூன்று நிபந்தனைகளைப் படிப்பவர்கள் குறைவு. சதுர மீற்றருக்கு 1000 வாட் வெயில், வெயில் கடந்துவரும் வளிமண்டலத்தின் தடிப்பு நேர்மேலே உள்ளதைப்போல் 1.5 மடங்கு, கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் என்பவையே அவை. எந்த நாட்டுத் தொழிற்சாலையில் செய்த பெனலாக இருந்தாலும் இந்த மூன்றின் கீழ் அளந்துதான் அதற்குப் பெயரிடுகிறார்கள். அப்படிச் செய்தால்தான் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியும் என்பதால் அந்த முறையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மட்டக்களப்பில் அந்த 25 பாகை எப்போது வருகிறது? விடியற்புறத்தில் வருகிறது, அப்போது வெயில் இல்லை. மாரி மழையில் வருகிறது, அப்போதும் வெயில் இல்லை. 1000 வாட் வெயிலும் 25 பாகைக் கலமும் ஒரே வேளையில் கூடிய நாளை நான் இங்கு கண்டதே இல்லை.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் வீதியில் செங்கலடியைத் தாண்டியதும் வருகிறது வந்தாறுமூலை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வளாகம் இங்குதான் இருக்கிறது. இந்த வளாகத்து ஆய்வுகூடமொன்றில் கருவிகளைப் பராமரிப்பது என் தொழில். கிழக்கே சில கிலோமீற்றர் தூரத்தில் கடல், மேற்கே வயல். ஆகவே ஒரு பக்கத்துக் காற்று உப்பையும் மறு பக்கத்துக் காற்று புழுதியையும் கொண்டுவருகின்றன. சூரிய சக்திக் கருவியொன்றைச் சோதிக்க இதைவிடக் கடுமையான இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றிய நாளிலிருந்து, கையில் கிடைத்த ஒவ்வொரு கருவியையும் கூரைக்கோ முற்றத்துக்கோ கொண்டுபோய் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன்.

முதலில் செய்தது எளிமையான வேலை. பழைய வகைச் சிலிக்கன் பெனல் ஒன்றையும் இப்போது சந்தைக்கு வரும் என்-வகைச் (n-type) சிலிக்கன் பெனல் ஒன்றையும் அருகருகே, தெற்கு நோக்கி 10 பாகை சாய்த்துப் பொருத்தினோம். எங்கள் அகலக்கோடு ஏறத்தாழ 7.8 பாகை வடக்கு. ஏப்ரல் 10ஆம் திகதியை ஒட்டிச் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அதன் பின் செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகலில் அது எங்களுக்கு வடக்கே நிற்கிறது. ‘தெற்கு நோக்கிச் சாய்த்தால் போதும்’ என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை எங்கள் ஊரில் வருடத்தின் ஐந்து மாதங்களுக்குச் சற்றுப் பிழையாகிறது என்பதை மாணவர்கள் நிழற்கம்பொன்றை நட்டுத் தாங்களே கண்டபோது அவர்களுக்கு உண்டான வியப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆயினும் 10 பாகைச் சாய்வை நாங்கள் மாற்றவில்லை. அந்த ஐந்து மாதங்களில் இழப்பது சிறிது. டிசம்பரில் சூரியன் தெற்கே 31 பாகை சரிந்து நிற்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. அதோடு, கண்ணாடியில் விழும் மழைநீர் தேங்காமல் வழிந்து அழுக்கையும் கொண்டுபோக அவ்வளவு சாய்வாவது வேண்டும்.

என் முதல் மூன்று வார அளவுகளை நான் பின்னர் கிழித்து எறிய வேண்டி வந்தது. வெப்பநிலை உணரியைக் கலத்தின் பின்புறத்தில் ஒட்டாமல் அலுமினியச் சட்டத்தில் ஒட்டியிருந்தேன். சட்டத்தைக் காற்று குளிர்த்திக்கொண்டே இருக்கும். கலமோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். உணரியை இடம் மாற்றிய அன்று நண்பகலில் 65 பாகையைத் தாண்டிய எண்ணைப் பார்த்து முதலில் கருவியைத்தான் சந்தேகித்தேன். ஆனால் கணக்கும் அதையே சொல்கிறது. வழமையான பெனலொன்று 20 பாகைக் காற்றில், 800 வாட் வெயிலில், செக்கனுக்கு ஒரு மீற்றர் மென்காற்றில் ஏறத்தாழ 45 பாகைக்குச் சூடாகும். அதாவது 800 வாட் வெயிலுக்குச் சுற்றுக் காற்றைவிட 25 பாகை கூடுதல். 1000 வாட்டுக்கு அது 31 பாகை ஆகிறது. மே மாதத்து 34 பாகைக் காற்றோடு அதைக் கூட்டினால் வருவது 65.

சிலிக்கன் சூட்டில் சோர்ந்துவிடும். பழைய வகைக் கலங்கள் 25 பாகைக்கு மேலான ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.45 சதவீத வலுவை இழக்கின்றன. புதிய என்-வகைக் கலங்களில் அந்த இழப்பு 0.3 சதவீதத்தை ஒட்டியது. தாளில் இரண்டுமே 400 வாட் என்று எழுதியிருந்தாலும், 65 பாகையில் பழையது 328 வாட்டாகவும் புதியது 352 வாட்டாகவும் இறங்குகின்றன. குளிர்நாட்டில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. எங்களுக்கோ அது வெயில் எரிக்கும் ஒவ்வொரு நண்பகலிலும் தொடரும் 24 வாட். ஆகவே பெனல் வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது எத்தனை வாட் என்பதை அல்ல, ஒரு பாகைக்கு எவ்வளவு குறையும் என்பதை. அடுத்து, தகரக் கூரையிலோ அஸ்பெஸ்ரஸ் சீற்றிலோ பெனலை ஒட்டினாற்போல் பொருத்த வேண்டாம், காற்று ஓடுவதற்குக் கீழே ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள் என்று சொல்வேன். அந்த இடைவெளிக்குச் செலவு எதுவுமில்லை.

முகில் பற்றியும் ஒரு சொல். பெருமுகில்கள் அங்கங்கே மிதக்கும் பகற்பொழுதில், முகிலின் விளிம்பு சூரியனைத் தொடுவதற்குச் சற்று முன்னர், கதிர்வீச்சுமானி 1000ஐத் தாண்டிச் சில விநாடிகள் மேலே பாயும். நேர் வெயிலோடு முகிலின் விளிம்பில் சிதறிய ஒளியும் சேர்ந்து விழுவதே காரணம். அடுத்த விநாடி முகில் மூடி அது 200க்கு விழுந்துவிடும். நாள் முழுவதுமான கணக்கை எடுக்காமல் ஒரு கணத்து உச்சத்தை மட்டும் காட்டிக் கருவி விற்பவர்களை நான் நம்பாமல் போனதற்கு அந்தக் கோட்டு வரைபடமும் ஒரு காரணம்.

தென்மேற்குப் பருவக் காற்றான கச்சான் தொடங்கியதும் கூரையின் கதை மாறியது. மலைநாட்டைத் தாண்டி ஈரமெல்லாம் இழந்து இறங்கிவரும் அந்தச் சூடான காற்று, அறுவடை முடிந்த வயல்களின் புழுதியையும் வைக்கோல் எரித்த சாம்பலையும் கண்ணாடியில் மெல்லிய போர்வையாக விரித்துவிடும். அது எல்லாக் கலங்களையும் ஒரே அளவில் மங்கச் செய்வதால் இழப்பு மெதுவாகத்தான் ஏறும். காகத்தின் எச்சம் அப்படியல்ல. பெனலின் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு கலம் மறைந்தால் அந்தச் சங்கிலியின் மின்னோட்டம் முழுவதும் தடைப்படும். இதற்காகவே பெனலை மூன்று பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும், தடைப்பட்ட பிரிவைச் சுற்றி மின்னோட்டத்தைக் கொண்டுபோகும் ஒரு மாற்றுவழி இருவாயி (bypass diode) வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு கலம் மூடினால் பெனலின் மூன்றிலொரு பங்கு போய்விடக்கூடும். தென்னோலை நிழலும் இதையே செய்யும். தென்னையில்லாத வளவு எங்கள் மாவட்டத்தில் எத்தனை இருக்கிறது? கலங்களை இரண்டாக அறுத்து மேல் பாதி, கீழ் பாதி எனப் பிரித்துக் கோத்த புதிய பெனல்களில், கீழ்ப்பக்கம் விழும் நிழல் மேல் பாதியைத் தொடுவதில்லை. இந்த ஒரு முன்னேற்றம் எங்கள் வளவுகளுக்காகவே செய்யப்பட்டதுபோல் எனக்குத் தோன்றும்.

கழுவுவதிலும் கவனம் வேண்டும். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். விடியற்காலையே சரியான நேரம். சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரை ஊற்றிக் காயவிட்டால் வெண்படலம் தங்கிவிடும்.

உப்பை நான் குறைத்து மதித்திருந்தேன். சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: சுற்றிலுமுள்ள காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். மாரியில் அடுப்படி உப்புப் போத்தல் நீர் விடுவது இதனால்தான். கரையோரத்தில் இரவுக் காற்று அந்த எல்லையைத் தாண்டுவது வழமை. ஆகவே பகலில் கடற்காற்று கொண்டுவந்து படியவிட்ட உப்பு, ஒவ்வோர் இரவும் உப்புநீராகி, அலுமினியச் சட்டமும் இரும்புப் போல்ட்டும் சந்திக்கும் இடுக்குகளில் இறங்குகிறது. இரண்டு வேறு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம்; இரண்டில் எளிதில் வினைபுரியும் உலோகம் அரித்துப் போகும். இரும்போ உப்புநீரில் தானாகவே கறள் பிடிக்கும். உப்பு மூடுபனியில் பெனலைச் சோதிப்பதற்கு ஐ.இ.சி. 61701 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது. எங்கள் பெனல்கள் அதில் தேறியவைதான், அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை. கறள் பிடித்துத் தோற்றது உள்ளூர்க் கடையில் வாங்கிய போல்ட்டும் நட்டும். எந்தச் சான்றிதழும் அந்தப் போல்ட்டைப் பற்றிப் பேசுவதில்லை. அதன் பின் எல்லாவற்றையும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலுக்கு மாற்றி, உலோகங்கள் நேரடியாகத் தொடாதபடி இடையில் இறப்பர் வளையங்களையும் வைத்தோம்.

இனி நான் சொல்ல வருவது, எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமான கருவியைப் பற்றி. வளாகத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் களுவன்கேணி இருக்கிறது. கரைவலையில் நெத்தலியும் சூடையும் அள்ளிக்கொண்டு வரும் நாட்களில் விலை விழுந்துவிடும். விற்க முடியாததைப் பெண்கள் வாடியருகே மணலில் வலை விரித்துக் கருவாடு போடுவார்கள். மணல் ஒட்டும், இலையான் மொய்த்து முட்டையிடும், நாயும் காகமும் பங்கு கேட்கும், இரவில் பனி இறங்கிப் பகலில் காய்ந்ததில் ஒரு பகுதியை மீண்டும் நனைத்துவிடும். சூரிய உலர்த்திப் பெட்டியொன்று செய்து கொடுத்தால் இவை எல்லாம் தீரும் என்று எண்ணினோம்.

அதன் தத்துவம் அழகானது. 30 பாகையில் 75 சதவீத ஈரப்பதன் கொண்ட காற்றை, ஒரு துளி நீரையும் அகற்றாமல், 45 பாகைக்குச் சூடாக்கினால் மட்டும் போதும், அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 33 சதவீதமாக இறங்கிவிடும். சூடான காற்று தாங்கக்கூடிய நீராவி அதிகம் என்பதால், அதே காற்று இப்போது தாகத்தோடு மீனின் ஈரத்தைக் குடிக்கும். கறுப்பு நிறம் பூசிய தகரம், அதன்மேல் தெளிவான பொலித்தீன், கீழே காற்று நுழைய வாய், நடுவில் நுளம்பு வலை அடித்த தட்டுக்கள், மேலே புகைபோக்கிபோல் ஒரு குழாய். இவ்வளவுதான் பெட்டி. வளாக முற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு பகலிலேயே நெத்தலி காய்ந்தது. மகிழ்ச்சியோடு அதைக் களுவன்கேணிக்குக் கொண்டுபோனோம்.

கருவாடு போடுவதில் பல வருட அனுபவமுள்ள அக்கா ஒருவர் ஒரு மீனை எடுத்து உடைத்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு மென்மையாகச் சொன்னார்: “தம்பி, பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது காயல்ல, அவிஞ்சிருக்கு.”

அவர் சொன்னது முழு உண்மை. எங்கள் கொப்பியில் நண்பகல் வெப்பநிலை 60 பாகைக்கு மேல் எழுதப்பட்டிருந்தது. அதைச் சாதனையாகவே எழுதியிருந்தோம். பச்சை மீனை 50 பாகைக்கு மேல் கொண்டுபோனால் தசைப் புரதம் வேகத் தொடங்கும். அதோடு வெளித்தோல் சடுதியாகக் காய்ந்து ஓடுபோல் இறுகிவிடும். உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டு, சில கிழமைகளில் கருவாடு உள்ளிருந்து பழுதாகும். தொட்டால் காய்ந்ததுபோல் இருப்பதுதான் அதில் உள்ள ஆபத்து. “முதல் ஆறேழு மணித்தியாலம் காத்துத்தான் வேணும், சூடு பிறகுதான்” என்றும் அவர் சொன்னார். உலர்த்தல் பற்றிய பாடநூல்கள் இரண்டு கட்டங்களாகப் பிரித்து எழுதியிருப்பதும் அதையேதான்: முதலில் மேற்பரப்பு நீர் ஆவியாகும், அதற்குக் காற்றோட்டம் முக்கியம், பின்னர் உள் ஈரம் மெதுவாக ஊறி வெளியே வரும், அதற்கு வெப்பம் வேண்டும். பாடநூலை நான் முன்னரே படித்திருந்தேன். பெட்டி செய்யும்போது அதை நினைத்துப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து இரண்டு மாற்றங்கள் செய்தோம். குழாயின் வாயில் திறந்து மூடக்கூடிய ஒரு நகர்பலகை வைத்தோம். அடியில் 12 வோல்ட் சிறு விசிறி ஒன்றைப் பொருத்தி, பற்றரி எதுவும் இல்லாமல் அதை நேரடியாக ஒரு சின்னப் பெனலோடு இணைத்தோம். வெயில் ஏறினால் விசிறி வேகமாகச் சுற்றி வெப்பத்தை வெளியே தள்ளும், முகில் மூடினால் அதுவும் மெதுவாகி உள்ளிருக்கும் சூட்டைக் காக்கும். கட்டுப்படுத்த வேறு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. இந்த ஒழுங்கு எனக்குத் தந்த நிறைவை, விலையுயர்ந்த எந்த மின்னணுச் சாதனமும் தந்ததில்லை. அதன் பின் பெட்டிக்குள் வெப்பநிலை 50ஐ ஒட்டியே நின்றது.

அம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, நெல்லை 14 சதவீத ஈரப்பதனுக்குக் காயவைக்க இது உதவுமா என்று கேட்டார். வீதியோரத்தில் நெல் பரப்பிக் காவல் இருப்பவருடைய கேள்வி அது. எனக்கு ஆம் என்று சொல்லவே ஆசை. ஆனால் சில கிலோ மீனுக்கான பெட்டி தொன் கணக்கான நெல்லுக்கு ஆகாது என்று நேராகச் சொல்லிவிட்டேன்.

கச்சானோடு எங்கள் சோதனை முடிந்திருந்தால், எல்லாம் வெற்றி என்று எழுதிக் கொப்பியை மூடியிருப்போம். பெரும்பாலான கருவிகள் அப்படித்தான் ஊருக்குள் வருகின்றன என்று நினைக்கிறேன்: திறப்பு விழா வெயிலில் நடக்கும், படம் வெயிலில் எடுக்கப்படும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கி நவம்பர் மழை பிடித்ததும் எங்கள் பெட்டி உபயோகமற்றுப் போனது. 25 பாகையில் 90 சதவீத ஈரப்பதன் கொண்ட காற்றை, மங்கிய வானத்தின் கீழ் 5 பாகை சூடாக்கினால் கிடைப்பது 67 சதவீதக் காற்று. வாடியில் தொங்கும் உப்பிட்ட கருவாடோ, 75ஐத் தாண்டிய அந்த வெளிக் காற்றில் நீரை இழுத்துக்கொண்டிருக்கும். கூரையில் போல்ட்டைத் தின்ற அதே உப்பு இங்கே மீனை நனைக்கிறது. ஆகவே மாரிக்கு அந்தப் பெட்டி உலர்த்தியாக அல்ல, கச்சானில் காய்ந்ததைக் காற்றுப் புகாமல் கட்டிவைக்கும் களஞ்சியமாகப் பயன்பட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

விளக்குகளையும் மாரிதான் சோதித்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோது, அயலவர்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று களைத்துச் சோலார் விளக்குகளை வாங்கினார்கள். பெட்டியில் எட்டு மணித்தியாலம் என்று அச்சிட்டிருந்த ஒன்றை நான் முழு வெயிலில் ஏற்றி இருட்டறையில் ஒளிமானியோடு வைத்தேன். விளக்கு எட்டு மணித்தியாலம் அணையவில்லை என்பது உண்மை. ஆனால் பிள்ளையொன்று கொப்பியில் எழுதக்கூடிய ஒளி அதற்கு வெகு முன்னரே போய்விட்டது. மழைநாளின் ஏற்றத்தில் அது இன்னும் சுருங்கியது. அதே காலத்தில் கூரை முழுக்கப் பெனல் போட்டவர்கள், “கரண்ட் போனா சோலாரும் நிக்குதே” என்று வந்து கேட்டார்கள். பற்றரி இல்லாத இன்வேட்டர், வீதி மின்கம்பியில் மின் இல்லையென்றால் தானும் நின்றுவிடத்தான் வேண்டும். இல்லாவிட்டால், கம்பத்தில் ஏறித் திருத்துகின்ற தொழிலாளியின் உயிருக்கு அது ஆபத்து. இதை விற்கும்போதே ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், மின் தேவை குறைந்திருந்ததால், கூரைப் பெனல்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. நண்பகலில் மிகுந்து இரவில் இல்லாத மின்சாரத்தைச் சேமிப்பதே இனிச் சோதிக்க வேண்டிய காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் வெப்பத்தில் எந்தப் பற்றரி எத்தனை வருடம் நிற்கும் என்பதும் பொடி எழுத்தில் இருக்கும் விடயம்தான்.

மாணவர்கள் இப்போது, சிலிக்கனுக்குப் பதிலாக வேறொரு வகைப் படிகத்தால் ஒளியைப் பிடிக்கும் பெரொவ்ஸ்கைட் கலங்களைப் பற்றி ஆவலோடு பேசுகிறார்கள். 2009இல் ஜப்பானில் மியாசாகாவின் குழு 3.8 சதவீத வினைத்திறனோடு தொடங்கியது, இன்று ஆய்வுகூடங்களில் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்தப் படிகத்துக்கு ஈரமும் சூடும் பகை. 85 பாகையில் 85 சதவீத ஈரப்பதனில் 1000 மணித்தியாலம் வைப்பது பெனல்களுக்கான நியமச் சோதனைகளில் ஒன்று. சிலிக்கன் அதைத் தாங்கப் பழகிவிட்டது, புதியது பழகிக்கொண்டிருக்கிறது. சாயமொன்றால் ஒளியைப் பிடிக்கும் சாயக் கலங்களிலிருந்து பெரொவ்ஸ்கைட்டுக்கு வந்த இந்த வழியில் இலங்கையரின் தடமும் உண்டு. 1991இல் வந்த சாயக் கலங்களில் திரவம் கசிந்து ஆவியாவது பெரும் குறையாக இருந்தபோது, 1995இல் கண்டியில் பேராசிரியர் தென்னக்கோனின் குழு திரவத்துக்குப் பதிலாகத் திண்மமான செப்பு அயடைட்டை வைத்துக் கலம் செய்து காட்டியது. வெப்பநாட்டில் இருப்பவருக்குத் திரவம் கசியும் தொல்லை முதலில் உறைத்ததில் வியப்பில்லை. பெரொவ்ஸ்கைட் கலமொன்று, கண்ணாடிக்குள் நன்றாக மூடி முத்திரையிட்டது, எங்கள் கைக்கு வந்தால் அதைக் கச்சானில் அல்ல, ஐப்பசியில் கூரைக்கு ஏற்றுவேன்.

போன தை மாதம் மழை விட்டபின் களுவன்கேணிக்குப் போயிருந்தேன். பெட்டி வாடிக்குள் காய்ந்த இடத்தில் பத்திரமாக இருந்தது. குழாயின் நகர்பலகையில் அக்கா கத்தியால் மூன்று கோடுகள் கீறியிருந்தார்: பச்சை மீன் வைத்த முதல் பொழுதுக்கு ஒன்று, மறுநாளுக்கு ஒன்று, அந்திப் பனிக்கு மூடுவதற்கு ஒன்று. நான் கொடுத்த வெப்பமானியை அவர் பார்ப்பதில்லை. குழாய்க்கு மேலே கையைப் பிடித்துப் பார்த்துப் பலகையை நகர்த்துகிறார். கோடுகளை அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டேன். கடைசி இரண்டும் எங்கள் அளவோடு பொருந்துகின்றன. முதல் கோடு மட்டும் நாங்கள் சொன்னதைவிட இரண்டு விரல் அதிகமாகத் திறந்திருக்கிறது. கச்சான் தொடங்கியதும் இரண்டு தட்டில் ஒரே வலையின் நெத்தலியைப் பரப்பி, ஒன்றை அவருடைய கோட்டிலும் மற்றொன்றை எங்களுடைய கோட்டிலும் காயவைத்து, மூன்று மாதம் கட்டிவைத்து உடைத்துப் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.